வீட்டுக்குள் திரியும் முயல்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

பள்ளி விடுமுறைக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகிறவர்கள் தங்கள் முயலை என் வீட்டில் விட்டுச் செல்வார்கள். திரும்பி வந்து அழைத்துக்கொண்டு போனபின் குறுஞ்செய்தி வரும். “அக்கா, உங்க வீட்டுல ஒழுங்கா இருந்துச்சு, இங்க வந்ததும் ஒயரைக் கடிக்குது.” “சோபா மேலயே ஒண்ணுக்குப் போகுது.” “கூண்டை விட்டு வெளியவே வர மாட்டேங்குது.” முயல் அதே முயல்தான், வீடுதான் வேறு. அதனால் நான் முயலைக் குறை சொல்வதற்கு முன்னால் தரை, ஒயர், வெப்பம், கதவு என்று வீட்டைத்தான் பார்ப்பேன். பெரும்பாலான கோளாறுகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வேண்டிய தலைப்புக்கு நேரே போகலாம். காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், மருத்துவர் கடைசியில் வருவார். சில நிலைமைகளில் மட்டும் மருத்துவர்தான் முதலில். அவற்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

## இவை இருந்தால் எதையும் சோதிக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்

- 12 மணி நேரமாக எதையும் தின்னவில்லை, அல்லது ஒரு புழுக்கைகூடப் போடவில்லை.
- வாயைத் திறந்து மூச்சு விடுகிறது. முயல் மூக்கால்தான் சுவாசிக்கும். வாய் திறந்துவிட்டால் நிலைமை கைமீறுகிறது என்று பொருள்.
- பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகர்கிறது.
- தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுற்றிச் சுற்றி விழுகிறது.
- மின்சாரம் தாக்கியது, அல்லது பூனையோ நாயோ கடித்தது. காயம் சின்னக் கீறலாகத் தெரிந்தாலும் சரி.

சிங்கப்பூரில் எல்லா விலங்கு மருந்தகங்களும் முயலைப் பார்ப்பதில்லை. நாய், பூனையோடு நிறுத்திக்கொள்ளும் இடங்கள் பல. இரவு முழுதும் திறந்திருக்கும் இடத்தில்கூட அன்றைய பணியில் இருப்பவர் முயல் பார்ப்பவரா என்பது வேறு கேள்வி. முயல் நன்றாக இருக்கும்போதே இரண்டு மூன்று இடங்களுக்குப் போன் செய்து, “இரவில் முயல் பார்க்கும் மருத்துவர் இருப்பாரா?” என்று கேட்டு, எண்ணை எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். நள்ளிரவில் தேட ஆரம்பித்தால் நேரம் போய்விடும்.

## அறிகுறி: ஒயரைக் கடிக்கிறது

முயலின் முன்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளர்ந்துகொண்டே இருக்கும். கடிப்பதை நிறுத்து என்று அதைப் பழக்க முடியாது. கடிக்கக் கூடாததை அதன் வாய்க்கு எட்டாமல் வைப்பதுதான் வழி.

கடிபட்ட இடத்தைப் பார்த்தாலே யார் வேலை என்று தெரியும். எலி கடித்தால் பிசிறு பிசிறாக இருக்கும். முயல் கடித்த ஒயரின் முனை கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் சுத்தமாக, கொஞ்சம் சாய்வாக இருக்கும். போன் சார்ஜர் ஒயர் ஒரே கடியில் துண்டாகும்.

ஒயர் மேல்தோல் மட்டும் கீறியிருக்கிறது, உள்ளே செம்பு தெரியவில்லை என்றால்: சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஒயர் முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு கடி இருந்தால் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கும். டேப் சுற்றி மீண்டும் அதே இடத்தில் போடாதீர்கள். டேப்பையும் உரித்துத் தின்றுவிடும். அந்த ஒயரை மாற்றிவிடுவதுதான் நல்லது.

செம்பு தெரிகிறது, ஆனால் மின்சாரம் இருக்கிறது என்றால்: தொடாதீர்கள். முதலில் மின்விநியோகப் பெட்டியில் அந்தப் பகுதியின் சுவிட்சை இறக்குங்கள். அப்புறம் பிளக்கைப் பிடுங்கலாம்.

வீட்டில் மின்சாரம் போய்விட்டது, முயல் டிவிக்குப் பின்னால் இருக்கிறது என்றால்: மின்கசிவைக் கண்டு தானாக இறங்கும் ஆர்சிசிபி தன் வேலையைச் செய்திருக்கிறது. 2025 ஜூலை 1 முதல் சிங்கப்பூரில் எல்லா வீடுகளிலும் அது இருக்க வேண்டும் என்பது விதி. பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருப்பவர்கள் பெட்டியைத் திறந்து, சோதனைப் பொத்தான் உள்ள அந்தச் சுவிட்ச் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பொத்தானை அழுத்தினால் சுவிட்ச் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றாலும், அந்தச் சுவிட்சே இல்லை என்றாலும், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிட வேண்டிய நேரம் அது. அதுவரை முயலை அந்த அறையில் விடாதீர்கள்.

அடுத்து முயலைப் பாருங்கள். வாயோரம் கருகல், எச்சில் ஒழுகல், உதட்டில் வெண்மையான தழும்பு இருக்கிறதா? எதுவும் இல்லாமல் துள்ளிக்கொண்டிருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். மின்சாரம் தாக்கிய பிறகு நுரையீரலில் நீர் சேர்வது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும்.

மின்சாரம் சரி, இணையம் மட்டும் போய்விட்டது என்றால்: சுவரில் இருக்கும் சின்ன வெள்ளைப் பெட்டியிலிருந்து வரும் மெல்லிய ஒளியிழைக் கம்பியைப் பாருங்கள். பெட்டிக்கும் ரவுட்டர் பக்கத்துச் சாதனத்துக்கும் இடையே உள்ள துண்டு கடிபட்டிருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். பெட்டிக்கு உள்ளே வரும் கம்பியே கடிபட்டிருந்தால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. இணையச் சேவை நிறுவனத்தைத்தான் கூப்பிட வேண்டும். அது கண்ணாடி இழை என்பதால் டேப் போட்டு ஒட்டவும் முடியாது.

மீண்டும் நடக்காமல் இருக்க, செலவு குறைந்ததிலிருந்து:

முதலில் தேவையில்லாத ஒயரை மேலே தூக்குங்கள். முயல் பின்னங்காலில் நின்றால் எட்டும் உயரத்தைக் கணக்கில் எடுத்து, தரையிலிருந்து 60 சென்டிமீட்டருக்கு மேலே கட்டுங்கள். தூக்க முடியாததற்கு வன்பொருள் கடையில் கிடைக்கும் நெளிவுக் குழாயை நீளவாக்கில் பிளந்து மாட்டுங்கள். சுருள் உறை மெலிது. பிடிவாதமான முயல் அதையும் கடித்துவிடும். சுவரோரம் ஓடும் ஒயருக்குப் பிளாஸ்டிக் கேசிங் நல்லது. டிவி மேசைக்குப் பின்னால் ஒயர் குவிந்திருந்தால் அந்த இடம் முழுவதையும் கம்பி வலைத் தட்டிகளால் அடைத்துவிடுவதுதான் நிம்மதி. குளிர்பதனப் பெட்டியின் பின்பக்கத்தை மறந்துவிடாதீர்கள். அங்கே வெதுவெதுப்பாக, இருட்டாக இருப்பதால் முயலுக்கு மிகவும் பிடிக்கும்.

கசப்பு ஸ்பிரே வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். நக்கிவிட்டு மேலே கடிக்கும் முயல்கள் ஏராளம். மிளகாய்த் தூள் தடவச் சொல்பவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அது கண்ணிலும் மூக்கிலும் ஏறி அந்த உயிர் படும் பாட்டைப் பார்க்க முடியாது.

## அறிகுறி: கூண்டை விட்டு வெளியே வர மறுக்கிறது

கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். முயல் வாசல்வரை வந்து, முன்னங்காலை ஒருமுறை தரையில் வைத்துப் பார்த்துவிட்டு உள்ளேயே திரும்பிப் போகிறது. “பயந்த சுபாவம்” என்று சொல்லிவிடுவார்கள். பத்தில் எட்டு வீட்டில் பயம் தரையைப் பற்றியது.

முயலின் பாதத்தில் நாய், பூனைக்கு இருப்பதுபோல் மெத்தென்ற தோல் கிடையாது, முழுக்க ரோமம். நம் வீடுகளில் இருக்கும் வழவழப்பான டைலிலும் வினைலிலும் அந்த ரோமம் வழுக்கும். முயலின் எலும்பு லேசானது, பின்னங்கால் தசையோ மிகவும் வலுவானது. வழுக்கியபடி உதறினால் முதுகெலும்பே முறியலாம். அந்த ஆபத்து அதற்குத் தெரிந்திருக்கிறது.

சோதனை: கூண்டு வாசலிலிருந்து ஒரு பருத்தி விரிப்பை நீளமாகப் போடுங்கள். விரிப்பின் மேல் மட்டும் நடந்து, அது முடியும் இடத்தில் நின்றுவிட்டால் காரணம் தரைதான். விரிப்புகளைத் தீவு தீவாக இல்லாமல் பாதைபோல் இணைத்துப் போடுங்கள்: கூண்டிலிருந்து கழிவுத் தட்டு, அங்கிருந்து ஒளியும் இடம், அங்கிருந்து நீங்கள் உட்காரும் சோபா. அடியில் வழுக்காத ரப்பர் வலை வையுங்கள், ஓரம் வெளியே தெரியக் கூடாது.

குழந்தைகளுக்குப் போடும் நுரைப்பாய் வேண்டாம். துண்டு துண்டாகக் கடித்து விழுங்கிவிடும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது குடலில் அடைத்தால் அறுவைச் சிகிச்சைதான். கோரைப்பாய் பரவாயில்லை. கடித்துக் கிழிக்கும், ஆனால் புல்தானே. சாயம் போட்டதாகவோ நைலான் நூலால் பின்னியதாகவோ இருக்கக் கூடாது.

விரிப்பிலும் நடக்கவில்லை என்றால்: குதிகாலைப் பாருங்கள். மடியில் மல்லாக்கப் போட்டுப் பார்க்காதீர்கள். ஒருவர் மார்போடு அணைத்துப் பிடிக்க, இன்னொருவர் பார்க்கட்டும். ரோமம் கொட்டிச் சிவந்திருந்தால் கம்பித் தரைக் கூண்டும் ஈரமும்தான் பெரும்பாலும் காரணம். கம்பித் தரையை எடுத்துவிட்டு மெத்தென்ற துணி போடுங்கள். தோல் பிளந்து புண்ணாகியிருந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும். அது எலும்புவரை போகக்கூடியது.

குதிகாலும் நன்றாக இருக்கிறது என்றால்: நேரத்தைப் பாருங்கள். முயல் விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும்தான் சுறுசுறுப்பாக இருக்கும். மதியம் 2 மணிக்கு ஓடவில்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. மாலை 7 மணிக்கும் வரவில்லை என்றால் கவலைப்படலாம். வயதான முயலாக இருந்தால் மூட்டுவலி இருக்கலாம். அதற்கு நல்ல மருந்து இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள்.

## அறிகுறி: தட்டை விட்டு வெளியே சிறுநீர் போகிறது

எங்கே, எப்படி என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும். துடைப்பதற்கு முன்னால் நின்று பாருங்கள்.

தட்டுக்குப் பக்கத்திலேயே குட்டையாகத் தேங்கியிருக்கிறது: தட்டு சிறியது. முயல் உடம்பைத் தட்டுக்குள் வைத்ததாக நினைக்கிறது, பின்பக்கம் வெளியே நிற்கிறது. செல்லப்பிராணிக் கடையில் விற்கும் முக்கோண மூலைத் தட்டு எந்த வளர்ந்த முயலுக்கும் போதாது. முயல் படுத்துத் திரும்பும் அளவுக்குப் பெரிய பூனைத் தட்டோ, ஓரம் தாழ்ந்த பிளாஸ்டிக் பெட்டியோ வையுங்கள்.

எப்போதும் ஒரே மூலையில்: முயல் இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அந்த மூலைக்குத் தட்டை நகர்த்துங்கள். சண்டை போட்டு ஜெயிக்க முடியாது.

வீடு முழுக்க அங்கங்கே: ஒரேயடியாக அதிக இடம் கொடுத்துவிட்டீர்கள். அடைப்புக்குள் சில நாள் வைத்து, தட்டில் போகப் பழகியதும் ஒரு அறை, அப்புறம் அடுத்தது என்று விரியுங்கள். தட்டின் ஒரு முனையில் உலர்புல்லைக் குவித்து வையுங்கள். முயல் தின்றுகொண்டே போகும் பிராணி. புல் இருக்கும் இடத்தில்தான் புழுக்கையும் விழும். பழக்குவதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

கட்டிலிலும் சோபாவிலும் மட்டும்: மெத்தென்ற, உங்கள் வாசனை உள்ள இடம். அறைக் கதவைச் சாத்துங்கள், சோபா மேல் நீர் ஒட்டாத விரிப்புப் போடுங்கள். கருத்தடை செய்யாத முயல் என்றால் அடுத்ததைப் படியுங்கள்.

சுவரில், திரைச்சீலையில், உங்கள் காலில் தெறித்திருக்கிறது: இது எல்லை குறிப்பது. தட்டை மாற்றிப் பயனில்லை, கருத்தடை செய்தால்தான் நிற்கும். ஆண் முயலுக்கு விதைகள் இறங்கிய பிறகும், பெண் முயலுக்குச் சுமார் 5, 6 மாதத்திலும் செய்வார்கள். ஆணுக்குச் செய்த பிறகும் சில வாரங்கள் குட்டி உண்டாகும் வாய்ப்பு உண்டு, அதுவரை பெண் முயலிடமிருந்து தள்ளி வையுங்கள். பெண் முயலுக்கு நான் கட்டாயம் செய்யச் சொல்வேன். சிறுநீர்த் தொல்லைக்காக மட்டும் அல்ல. கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு வயதாக ஆகக் கருப்பைப் புற்றுநோய் வருவது மிகச் சாதாரணம்.

நன்றாகப் பழகிய முயல் திடீரென்று மாறிவிட்டது: உடம்புக்கு ஏதோ இருக்கிறது. முக்கிமுக்கிப் போகிறதா, சொட்டுச் சொட்டாக வருகிறதா, பின்பக்க ரோமம் எப்போதும் நனைந்திருக்கிறதா, காய்ந்ததும் சுண்ணாம்புபோல் வெள்ளையாகக் கனமாகப் படிகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவர்.

சிறுநீர் சிவப்பாக இருந்தால் உடனே பதற வேண்டாம். சில கீரைகளைத் தின்றால் ஆரஞ்சு, செங்கல் நிறத்தில்கூட ஒரே சீராக வரும். தெளிந்த சிறுநீரில் சிவப்புத் திட்டுகள் தனியாகத் தெரிந்தால் அது ரத்தம்.

சுத்தம் செய்ய வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடையுங்கள். பிளீச் ஊற்றாதீர்கள். சிறுநீரில் உள்ள அமோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும், அது உங்களுக்கும் ஆகாது. கட்டியாகும் பூனை மணலும் வேண்டாம், விழுங்கினால் வயிற்றில் இறுகும். தட்டில் பரப்பக் காகிதக் குளிகை நல்லது. நம் ஊர் ஈரப்பதத்தில் தட்டைத் தினமும் மாற்றினால்தான் நாற்றம் வராது.

## அறிகுறி: பகலில் துவண்டு கிடக்கிறது, வேகமாக மூச்சு வாங்குகிறது

முயலுக்கு வேர்க்காது. உடம்புச் சூட்டைக் காதுகள் வழியாகத்தான் வெளியேற்றும். 28 பாகையைத் தாண்டினாலே அதற்குச் சிரமம். இங்கே மதியம் 31, 32 சாதாரணம், ஈரப்பதம் வேறு. மேற்குப் பார்த்த அறையில் மாலை 4 மணி வெயில் நேரே விழும்போது, நம்மால் தாங்க முடிவது அதனால் முடியாது.

கால் நீட்டிப் படுத்திருக்கிறது, கூப்பிட்டால் காது திரும்புகிறது, கொத்தமல்லி கொடுத்தால் எழுந்து வருகிறது: வெறும் ஓய்வு. சும்மா விடுங்கள்.

காது சிவந்து சூடாக இருக்கிறது, மூக்கு வேகமாகத் துடிக்கிறது, ஆனால் தின்கிறது: அறையை மாற்றுங்கள். குளிரூட்டியை 24 முதல் 26 வரை வைக்கலாம், காற்று நேரே படக்கூடாது. உறைந்த தண்ணீர்ப் புட்டியைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், வேண்டுமானால் சாய்ந்துகொள்ளும். தண்ணீரைப் புட்டியில் தொங்கவிடாமல் கனமான கிண்ணத்தில் வையுங்கள், அதிகம் குடிக்கும். மின்விசிறி மட்டும் போட்டால் போதாது, வேர்க்காத உடம்பை வெறும் காற்று அவ்வளவாகக் குளிர்விக்காது.

எழுந்திருக்கவில்லை, எச்சில் வழிகிறது, வாய் திறந்திருக்கிறது: வெப்பத்தாக்கு. சாதாரணக் குளிர்ந்த நீரில் துணியை நனைத்துக் காதுகளைத் தடவிக்கொண்டே மருத்துவரிடம் போங்கள். பனிக்கட்டி நீர் வேண்டாம், வாளியில் முக்கவே கூடாது. அதிர்ச்சியில் போய்விடும்.

வீட்டுக்குள்ளேயே கட்டியிருக்கும் வெடிகுண்டுப் புகலிட அறை குளுமையாக இருக்கிறது என்று அங்கே விட்டுக் கதவைச் சாத்துபவர்கள் இருக்கிறார்கள். காற்றோட்டம் போதாது, அந்த இரும்புக் கதவின் இடுக்கில் கால் மாட்டினால் நசுங்கிவிடும். வேண்டாம்.

## அறிகுறி: முயலைக் காணவில்லை

முதலில் எந்தக் கதவையும் மூடாதீர்கள், எதையும் நகர்த்தாதீர்கள், சாயும் சோபாவையும் மடக்குக் கட்டிலையும் தொடவே தொடாதீர்கள். உள்ளே இருக்கலாம்.

தேடும் வரிசை: சோபாவின் அடித்துணி கிழிந்திருக்கிறதா (உள்ளே ஏறிப் படுத்திருக்கும்), சமையலறை அலமாரியின் அடிப்பலகை இடுக்கு, குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால், கழுவாத துணிக் குவியல், சலவை இயந்திரத்தின் உட்புறம். அப்புறம் தின்பண்டப் பெட்டியைக் குலுக்குங்கள். பல முயல்கள் இதற்கு வந்துவிடும்.

வீட்டில் இல்லை என்றால் இரும்புக் கதவைப் பாருங்கள். தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். மரக்கதவைத் திறந்து இரும்புக் கதவை மட்டும் பூட்டிவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. குட்டி முயலுக்கு அது திறந்த வாசல்தான். வெளியே முதலில் பார்க்க வேண்டியது அண்டை வீட்டுச் செருப்பு அலமாரிகளின் அடி, பூந்தொட்டிகளுக்குப் பின்புறம், படிக்கட்டு மூலை. பயந்த முயல் அதிகத் தூரம் ஓடாது, கிடைத்த இருட்டில் ஒண்டும். துரத்தாதீர்கள். இருவர் அட்டைப் பெட்டியை வைத்து மெதுவாக மடக்குங்கள்.

கிடைத்தபின் அன்றே கதவின் கீழ்ப்பகுதிக்கு ஒரு மீட்டர் உயரம்வரை கம்பி வலையைக் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். 2024 செப்டம்பரிலிருந்து வீவக வீடுகளில் பூனை வளர்க்கவும் அனுமதி உண்டு. பக்கத்து வீட்டுப் பூனை கதவருகே வந்து முறைத்தாலே போதும், பயத்தில் முயல் தின்பதை நிறுத்திவிடும்.

## அறிகுறி: கண்டதைத் தின்றுவிட்டது

எதை, எவ்வளவு என்று பாருங்கள், மிச்சத்தை எடுத்து வையுங்கள்.

நம் வீடுகளில் நான் முதலில் பார்ப்பது சாமி மேடையின் கீழே. தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) வாங்கிவந்த பூமாலையில் அரளி இருந்தால் அது இதயத்தைப் பாதிக்கும் விஷம். காய்ந்த பூவும் விஷமே. ஒரு பூ தின்றிருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். கற்பூரமும் அலமாரியில் போடும் அந்துருண்டையும் அப்படித்தான். மாலையின் நூல் குடலில் சிக்கும். பூசை முடிந்து எடுத்த பூக்களைத் தரையோரக் கூடையில் போடாமல் மேலே வையுங்கள். துளசி பயமில்லை, தாராளமாகத் தின்னலாம்.

அடுத்து மணி பிளாண்ட். எந்தச் சமையலறையிலும் ஒரு புட்டியில் தண்ணீரில் நிற்கும். அதன் இலை வாயையும் தொண்டையையும் எரிச்சலாக்கும். எச்சில் ஒழுகினாலோ தின்ன மறுத்தாலோ போய்க் காட்டுங்கள். பால்கனியில் பாலைவன ரோஜா இருந்தால் அதுவும் அரளிக் குடும்பம்தான்.

வெங்காயம், பூண்டு, சாக்லேட், அவகாடோ எதுவும் ஆகாது. முறுக்கு, பிஸ்கட் சிறு துண்டு தின்றிருந்தால் உலர்புல்லும் தண்ணீரும் மட்டும் கொடுத்து 12 மணி நேரம் புழுக்கையைக் கவனியுங்கள்.

## அறிகுறி: தோண்டுகிறது, விரிப்பைக் கிழிக்கிறது, இரவில் கம்பியைக் கடிக்கிறது

பெரும்பாலும் ஓட நேரம் போதவில்லை. நாளுக்குக் குறைந்தது 3, 4 மணி நேரம், விடியலிலும் மாலையிலும் வெளியே விடுங்கள். இணையத்தில் பொருள் வாங்கும்போது வரும் அட்டைப் பெட்டியிலிருந்து டேப்பையும் பின்னையும் எடுத்துவிட்டு, உள்ளே புல்லைத் திணித்துக் கொடுத்தால் அதிலேயே தோண்டிக்கொள்ளும். பெண் முயல் ரோமத்தைப் பிடுங்கிக் கூடு கட்டினால் அது பொய்ச் சினை. இரண்டு மூன்று வாரத்தில் தானே அடங்கும், அடிக்கடி வந்தால் கருத்தடைதான் தீர்வு.

## அறிகுறி: கடிக்கிறது, காலைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது

இளம் முயல் என்றால் ஹார்மோன். கூண்டுக்குள் கை விட்டால் மட்டும் கடிக்கிறது என்றால் அது அதன் வீடு; வெளியே வந்தபின் சுத்தம் செய்யுங்கள். தூக்கினால் மட்டும் கடித்தால் தூக்குவதை நிறுத்துங்கள், தரையில் உட்கார்ந்து பழகுங்கள். பிள்ளைகளிடம் காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். சாதுவான, வயதான முயல் திடீரென்று கடித்தால் அதற்கு எங்கோ வலிக்கிறது. மருத்துவரிடம் காட்டுங்கள்.

## அறிகுறி: தும்முகிறது, மூக்கு ஒழுகுகிறது

சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்தி: மூன்றையும் இரண்டு நாள் நிறுத்திப் பாருங்கள், அல்லது முயல் இல்லாத அறையில் ஏற்றுங்கள். புகைமூட்டக் காலத்தில் சன்னலைச் சாத்திக் காற்றுச் சுத்திகரிப்பானைப் போடுங்கள். உலர்புல்லை முகர்ந்து பாருங்கள். பூஞ்சை நெடி அடித்தால் முழுவதையும் தூக்கிப் போடுங்கள். சிறிது சிறிதாக வாங்கிக் காற்றுப் படும்படி வைப்பது இங்கே நல்லது. வெள்ளையாகக் கெட்டியாகச் சளி வந்தாலோ, முன்னங்கால் உட்பக்க ரோமம் சளியில் ஒட்டிப்போயிருந்தாலோ மருந்து தேவைப்படும். வீட்டில் மிச்சம் இருக்கும் அமாக்சிசிலினைக் கொடுத்துவிடாதீர்கள். அதை வாய்வழி கொடுத்தால் முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து உயிரே போகும். நாய்க்குப் போடும் ஃபிப்ரோனில் உண்ணி மருந்தும் முயலின் உயிரைப் பறிக்கலாம்.

## அறிகுறி: சாப்பிடவில்லை

இதை ஒருபோதும் நாளைக்குத் தள்ளாதீர்கள். முயலின் குடல் நின்றுவிட்டால் வாயு சேர்ந்து, வலி கூடி, வலியால் இன்னும் தின்னாமல் போய், ஒரே இரவில் நிலைமை முற்றிவிடும்.

முதல் சோதனை: அதற்கு மிகவும் பிடித்ததை மூக்கருகே நீட்டுங்கள். கொத்தமல்லியோ, வாழைப்பழத்தில் நகக்கண் அளவோ. தின்றால் அடுத்த பத்திக்குப் போங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது அடம் அல்ல.

குளிகையும் (கடையில் விற்கும் முயல் தீவனம்) கீரையும் தின்கிறது, புல்லை மட்டும் விடுகிறது: குளிகை அதிகம், அல்லது புல் பழசு. குளிகையைக் குறைத்துப் புதுப் புல் வையுங்கள். அப்படியும் தொடவில்லை, தாடை நனைந்திருக்கிறது, வாயில் எடுத்துக் கீழே போடுகிறது என்றால் கடைவாய்ப் பல் கூர்மையாகி நாக்கைக் குத்துகிறது. மருத்துவர் தேய்த்துவிட வேண்டும்.

புழுக்கைகள் ரோமத்தில் கோத்த மணிபோல் தொங்குகின்றன: ரோமம் உதிரும் காலம். தினமும் சீவி எடுங்கள், புல்லும் தண்ணீரும் கூட்டுங்கள். திராட்சைக் கொத்துபோன்ற மெல்லிய கொழகொழப் புழுக்கை தரையில் கிடந்தால் அது வயிற்றுப்போக்கு இல்லை. முயல் தானே திரும்பத் தின்ன வேண்டியது அது. மிஞ்சிக் கிடந்தால் குளிகை அதிகம், அல்லது உடல் பருத்து வாய் எட்டவில்லை.

எதையும் தொடவில்லை, குறுகி உட்கார்ந்திருக்கிறது, பல்லைச் சத்தமாக நறநறக்கிறது: வலி. வயிறு இறுகி உப்பியிருந்தால் ஊசிக்குழாயில் எதையும் ஊட்டாதீர்கள். காது சில்லென்று இருந்தால் வெந்நீர்ப் புட்டியைத் துண்டில் சுற்றிக் கூடையில் வைத்து அப்படியே கிளம்புங்கள். 12 மணி நேரம் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மருத்துவர் தடுப்பூசி பற்றிக் கேட்பார். 2020 செப்டம்பரில் முயல் ரத்தக்கசிவு நோய் சிங்கப்பூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பூச்சிகளாலும், செருப்பு, துணி வழியாகவும் பரவக்கூடியது என்பதால் வீட்டை விட்டு வெளியே போகாத முயலுக்கும் ஆபத்து உண்டு. அதற்குத் தடுப்பூசி இங்கே கிடைக்கிறது. போடவில்லை என்றால் முயல் தேறியதும் போட்டுவிடுங்கள்.

கூடையில் துண்டு விரித்து, அதன் சொந்தப் புல் ஒரு கைப்பிடி, கடைசியாகப் போட்ட புழுக்கைகள் ஒரு சிறு பையில், தின்றதாகச் சந்தேகிக்கும் பொருளின் மிச்சம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது தின்றது, எப்போது புழுக்கை போட்டது என்ற இரண்டு நேரங்களையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். ஜோடியாக வளரும் முயல்கள் என்றால் இரண்டையும் ஒரே கூடையில் கொண்டுபோங்கள். பிரித்தால் நோயாளிக்குப் பயம் கூடும், திரும்பி வந்ததும் வாசனை மாறிச் சண்டை போடும்.